தள்ளி நின்றே பழகிய வீரையா

பஸ்ஸில் இடம் காலியாகக் கிடந்தாலும் வீரையா உட்காரமாட்டார். கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்குத் திரும்பும்போது பின்கதவு ஓரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யார் மேலும் உரசாமல் உடம்பை ஒடுக்கி நிற்பார். கொண்டக்டர் மிச்சக் காசைக் கொஞ்சம் உயரத்திலிருந்து போடுவான். அதற்குத் தோதாக இவரும் உள்ளங்கையைக் குழித்து நீட்டுவார். இதையெல்லாம் யாரும் அவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. கண்டியின் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பான மஹய்யாவயில் பிறந்த பிள்ளை நடக்கப் பழகும்போதே தள்ளி நிற்கவும் பழகிக்கொள்ளும்.

அவருடைய பாட்டன் காலத்தில், கண்டி நகரத்தைக் கூட்டிச் சுத்தம் செய்ய இந்தியாவிலிருந்து கொண்டுவந்து குடிவைத்த குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. தகப்பன் செத்ததும் அவருடைய வேலை மகனுக்கு வந்தது. இருபது வருசத்துக்கு மேலாக வீரையா மாநகரசபையின் குப்பை லொறியில் போகிறார். வேலை முடிந்து வந்தால் பொதுக் குழாயடியில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் கால்வைப்பார். மகள் லோஷினி தவழ்ந்து திரிந்த காலத்தில், அப்பாவைக் கண்டதும் கையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவாள். "நில்லு புள்ள, நில்லு! குளிச்சிட்டு வர்றேன்" என்று இவர் பின்வாங்குவார். சில நாளில் பிள்ளை வாசலுக்கு வருவதை விட்டுவிட்டது. விட்டுவிட்டது என்பதைக்கூட அப்போது அவர் கவனிக்கவில்லை.

கொரோனா வந்தபோது ஊரே தள்ளி நின்றது. வீடு வீடாகப் போய்க் குப்பை எடுத்தவர்களைக் கண்டால் இன்னும் தள்ளி நின்றார்கள். நோய் போய்விட்டது. அந்தத் தூரம் மட்டும் போகவில்லை என்று வீரையாவுக்குத் தோன்றும்.

லோஷினிக்குப் பத்து வயதானபோது காலையில் வயிற்றுவலி வர ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் வலி இல்லை. சட்டையை மாட்டிச் சப்பாத்தைப் போடும் நேரத்தில்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவாள். அம்மா நல்லம்மா ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். ஒருநாள் திட்டியும் பார்த்தாள். பிள்ளை அழவில்லை. தோள் இரண்டும் முன்னால் வளைந்து, நெஞ்சு உள்ளே போய், எதையோ ஒளித்துவைத்திருப்பவள் மாதிரி நின்றாள்.

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி அன்று வீரையா அரைநாள் லீவு போட்டு, நன்றாகக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். கூட்டத்துக்குப் பின்னால் மரத்தடியில் நின்றுதான் பார்த்தார். சின்ன வகுப்புப் பிள்ளைகள் கைகோத்து வட்டமாக நின்று உடற்பயிற்சி காட்டினார்கள். லோஷினிக்கு இடது பக்கம் நின்ற பிள்ளை அவளுடைய கையைப் பிடிக்கவில்லை. சட்டைக் கையின் நுனியை இரண்டு விரலால் பிடித்திருந்தது. வலது பக்கத்துப் பிள்ளையும் அப்படித்தான். லோஷினி அதற்கு வசதியாகச் சட்டைக் கையை இழுத்து இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு வீரையா பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். "என்னா, மேலுக்கு முடியலையா?" என்று நல்லம்மா கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றார்.

கிளினிக்கில் காட்டியபோது டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, நோய் ஒன்றும் இல்லை என்றார். "பிள்ளை மூச்சையே முழுசா விடுறதில்ல. எதுக்கோ பயந்துகொண்டு இருக்கிறா. ஏதாவது விளையாட்டில சேர்த்துவிடுங்க" என்றார்.

வீரையாவின் லொறி போகும் வழியில், கட்டுகஸ்தோட்டைப் பக்கம், ஒரு டயர்க் கடையின் மேல்மாடியில் ஹுஸைன் என்ற பையன் பிள்ளைகளுக்கு ஜியு-ஜிட்சு பழக்கினான். பையன் என்றால் முப்பது வயதிருக்கும். அபுதாபியில் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் உதவியாளாக ஆறு வருசம் இருந்தவன். அங்கே பள்ளிக்கூடத்திலேயே அந்தக் கலையைப் படிப்பிக்கிறார்களாம். பிள்ளைகள் படிப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு, வேலை முடிந்த பிறகு இவனும் படித்து, பெல்ட்டும் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான். அடியும் இல்லை, உதையும் இல்லை. பிடித்து, உருண்டு, அமுக்கி, அதிலிருந்து நழுவி வெளியே வருகிற விளையாட்டு. குப்பை வாளியை ரோட்டோரம் வைத்துவிட்டுப் போகாமல் வீரையாவின் கையிலேயே கொடுத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவன் அவன்.

ஒருநாள் வீரையா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "மாஸ்டர், பொம்பளப் புள்ளைங்களையும் சேர்ப்பீங்களா?"

"ஏன் சேர்க்காம? நாலஞ்சு பேர் ஈக்கிறாங்களே. அனுப்புங்க வீரண்ணே."

"இல்ல... புள்ள மஹய்யாவயில இருந்துல்ல வரணும்."

"அதுக்கென்ன? பஸ் ஈக்கிதுதானே" என்றான் ஹுஸைன். வீரையா கேட்டது அவனுக்கு விளங்கவில்லையா, விளங்கியும் அப்படிச் சொன்னானா என்று லொறி அடுத்த தெருவுக்குப் போகும்வரை அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் வீரையா மாடிப்படியின் மேல்படியில், கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே தரை முழுவதும் நீல மெத்தை. பத்துப் பதினைந்து பிள்ளைகள். ஹுஸைன் சோடி பிரித்தபோது வீரையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பிப் பார்த்தபோது, துளசிகா என்ற ஒரு பிள்ளை லோஷினியின் சட்டைக் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, மெத்தையில் தள்ளி, மேலே ஏறிப் படுத்துவிட்டது. தயங்கவே இல்லை. லோஷினி மரக்கட்டை மாதிரி விறைத்துப்போய்க் கிடந்தாள். மூச்சு முட்டி, கண்ணில் தண்ணீர் வந்தது.

ஹுஸைன் பக்கத்தில் முட்டிபோட்டுக் குனிந்தான். "கத்தத் தேவையில்ல மகள். கையால ரெண்டு தட்டுத் தட்டு. அவ விட்டிருவா. இங்க யார் தட்டினாலும் விடத்தான் வேணும். அதுதான் சட்டம்."

லோஷினி தட்டினாள். துளசிகா விட்டாள். மறுபடி பிடித்ததும் மறுபடி தட்டினாள், மறுபடியும் விட்டாள். அடுத்த முறை, பிடி இறுகுவதற்கு முன்பே, இது உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கிறவளைப் போலத் தட்டினாள். அதற்கும் விட்டாள். லோஷினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துளசிகாவுக்கும் வந்தது. படியில் நின்ற வீரையா சட்டை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு புதனும் சனியும் பின்னேரத்தில் அப்பாவும் மகளும் கட்டுகஸ்தோட்டைக்குப் போனார்கள். மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. லோஷினிக்கு முதலில் பசி வந்தது. இரண்டாம் தரம் சோறு கேட்டாள். பிறகு தூக்கம் வந்தது. ஒரு மழைநாளில் குழாயடிப் பாசியில் வழுக்கி விழுந்தவள், விழுந்த வாக்கிலேயே உருண்டு எழும்பி நின்றாள். ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. தோள் விரிந்தது. கணக்குச் சரிவராவிட்டால் கொப்பியை மூடிவைக்கிறவள், இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டினாள். "அமுங்கிக் கெடக்கும்போது பதறக்கூடாதாம்மா. மொதல்ல மூச்சு. அப்புறம் இடுப்ப அசைக்கணும்" என்று அம்மாவுக்குப் பாடம் நடத்தினாள். வயிற்றுவலி அடியோடு போகாவிட்டாலும் வாரக்கணக்கில் வராமல் இருந்தது. கூடவே பிடிவாதமும் வந்தது. எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்றாள்.

வேலையிலிருந்து வந்த வீரையாவை ஒருநாள் வாசலிலேயே மறித்தாள். "அப்பா, கீழ படுங்க. புதுப் பிடி ஒண்ணு படிச்சிருக்கேன், காட்டுறேன்."

"குளிக்கல புள்ள."

"பரவாயில்ல."

"வேணாம். கிட்ட வராத." குரல் அவர் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது. குளித்துவிட்டு வந்தபோது அவள் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவர் தயாராக நின்றதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

துளசிகாவின் தகப்பன் மயில்வாகனம் வங்கியில் பெரிய உத்தியோகத்தில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மாற்றலாகிக் கண்டிக்கு வந்தவர். கருணையான முகம். மகளை ஏற்றிப்போகக் காரில் வந்தால் கீழேயே இருப்பார். ஒரு திங்கட்கிழமை லொறி புதிதாக ஒரு தெருவுக்குள் போனது. ஒரு கேற்றடியில் வீரையா வாளியைத் தூக்கும்போது, உள்ளேயிருந்து ஒரு பிள்ளை ஓடிவந்தது.

"அப்பா, இஞ்ச பாருங்கோ! லோஷினியின்ர அப்பா!"

மயில்வாகனம் கையில் பத்திரிகையோடு வாசலுக்கு வந்தார். வீரையாவைப் பார்த்தார், லொறியைப் பார்த்தார், மகளின் தோளில் கைவைத்து மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஓம் ஓம், சந்தோசம்" என்றார். வீரையா சிரித்தபடி பின்னால் நகர்ந்தார்.

அடுத்த மாதம் வகுப்பில் படர்தாமரை வந்தது. முதலில் ஒரு பையனின் முழங்கையில் காசு அளவுக்கு ஒரு சிவந்த வட்டம். பிறகு துளசிகாவின் கன்னத்தில். உடம்போடு உடம்பு உரசி, ஈர மெத்தையில் உருளும் விளையாட்டில் அது பெரிய அதிசயம் இல்லை. களிம்பு பூசினால் போய்விடும். ஆனால் தாய்மார் படியில் நின்று பேசினார்கள். எங்கிருந்து வந்திருக்கும் என்ற கேள்வி ஒரு வாய் மாறுவதற்குள் யாரிடமிருந்து வந்திருக்கும் என்று மாறியது. லோஷினியின் தகப்பன் என்ன வேலை செய்கிறார் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஹுஸைன் குப்பை வாளியோடு கீழே வந்தான். அன்று வீரையாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "வீரண்ணே, கொஞ்ச நாளைக்குப் புள்ளைய வீட்டுல வச்சிக்கொள்ளுங்களேன். இந்தப் படர்தாமரையப் பத்தி மத்தவங்க ஒவ்வொண்ணு செல்றாங்க. எனக்கும் பிரச்சின எடுக்க ஏலா. ஏற்கெனவே, சோனகன் மாடியில சண்ட பழக்குறான்னு செல்லி ரெண்டு தரம் பொலிஸ் வந்து விசாரிச்சிட்டுப் போய்ட்டாங்க."

"சரிங்க மாஸ்டர்" என்றார் வீரையா. உடனே சொன்னார். லொறி நகர்ந்தது.

வீட்டில் லோஷினி கத்தவில்லை. "நீங்க என்னா சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"சரின்னு சொன்னேன்."

"ஏன்னு கேக்கலையா?"

அவர் சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் குழாயடிக்குப் போனார். மறுநாள் காலையில் லோஷினிக்கு வயிற்றுவலி வந்தது. அடுத்த நாளும் வந்தது. நல்லம்மா பிள்ளைக்குத் தலை வாரும்போது, பிடரியில் மயிருக்குக் கீழே ஒரு சிவந்த வட்டத்தைக் கண்டாள். வீரையாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அப்படியானால் அவர்கள் சொன்னது சரிதான். என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது என்று அவர் அந்த இடத்திலேயே முடிவுகட்டிவிட்டார். கக்கூசுக்கு ஊற்றும் மருந்தைத் தண்ணீரில் கலந்து, தேங்காய்த் தும்பால் கையையும் காலையும் தேய்த்தார். இரண்டாம் நாள் தோல் உரிந்தது. மூன்றாம் நாள் கையுறை போட முடியவில்லை.

"பைத்தியமா புடிச்சிருக்கு ஒங்களுக்கு?" நல்லம்மா அந்தப் போத்தலைப் பிடுங்கி எறிந்தாள். "ரெண்டு பேருமா போய் டாக்டருக்குக் காட்டுங்க."

தோல் கிளினிக்கில் இருந்தது இளம் டாக்டர், ஒரு பெண். லோஷினியின் பிடரியைப் பார்த்துவிட்டு, களிம்பு எழுதினாள். வீரையா தயங்கித் தயங்கிச் சட்டைக் கையை மடித்தார். "டொக்டர், என்னையும் பாருங்க. எங்கிட்ட இருந்துதான் வந்திருக்கும். நான் குப்ப லொறியில வேல."

அவள் அவருடைய கையை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் இடுக்கு, அக்குள், கழுத்து, எல்லாம் பார்த்தாள். "உங்களுக்குப் படர்தாமரை இல்ல. இது நீங்களே சுட்டுக்கொண்ட புண். பிள்ளைக்கு மெத்தையில ஒட்டியிருக்கும். யாரிட்ட இருந்து யாருக்குப் போச்சுதெண்டு எவராலயும் சொல்ல ஏலாது" என்றாள்.

வெளியே வந்து அங்கே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தார்கள். வீரையாவின் கைகள் இரண்டிலும் வெள்ளைக் களிம்பு. லோஷினி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ரொம்ப எரியுதாப்பா?" என்றாள். வகுப்பை விட்டு நிறுத்திய பிறகு அவள் அவரிடம் தானாகப் பேசிய முதல் வார்த்தை அது.

சனிக்கிழமை அவர் அவளைக் கூட்டிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்குப் போனார். வழியில் திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு தடவை நினைத்தார். படியேறிக் கதவைத் தாண்டி உள்ளே போனார். தாய் தகப்பன்மார் சிலர் சுவரோரம் நின்றார்கள். அன்று மயில்வாகனமும் மேலே வந்திருந்தார்.

"மாஸ்டர், எம் புள்ளைக்கும் இருக்கு" என்றார் வீரையா. "பொடரியில. டொக்டர்கிட்ட காட்டிட்டோம். மருந்து போடுறோம். எனக்கு இல்லைன்னு சொல்லிட்டாங்க. யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு சொல்ல முடியாதாம். அப்ப ஏன் எம் புள்ளைய மட்டும் நிப்பாட்டினீங்க?"

மயில்வாகனம்தான் மெதுவாகச் சொன்னார்: "குறை நினையாதேங்கோ. ஒருத்தரும் உங்களை ஒண்டும் சொல்லேல்லை. பிள்ளையளின்ர சுகம்தானே எங்களுக்கு முக்கியம்."

"எனக்கும் அதுதாங்க சேர்" என்றார் வீரையா.

ஹுஸைன் காற்சட்டையின் ஒரு காலை முழங்கால்வரை சுருட்டினான். கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குப் படர்தாமரை, ஓரம் செதில் செதிலாக. "எனக்கும் ஈக்கிது" என்றான். "புள்ளைகளுக்கு வர முந்தியே ஈக்கிது. செல்லப் பயந்துட்டேன். செல்லியிருந்தா நீங்க யாரும் வந்திருக்க மாட்டீங்க."

அன்றே வகுப்பை மூடினான். இரண்டு வாரம் மெத்தைகளைக் கழுவிக் காயவைத்தான். வீரையாவும் லீவு நாட்களில் போய்க் கூடக் கழுவினார். மெத்தைக்குள் இறங்கிய ஈரம் எப்படிப் போகும் என்று இருவரும் சண்டைபிடித்துக்கொண்டே கழுவினார்கள். திரும்பத் திறந்தபோது பாதிக்கு மேல் பிள்ளைகள் வரவில்லை. துளசிகா வரவில்லை. நீச்சலுக்குச் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்கள். லோஷினி மூன்று வாரம் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். தான் போய்ப் பேசாமல் இருந்திருந்தால் வகுப்பு நிறைந்திருக்குமோ, மகளுக்கு அந்தச் சிநேகிதியாவது மிஞ்சியிருப்பாளோ என்று வீரையா பல நாள் மனதுக்குள் அரித்துக்கொண்டார்.

மிஞ்சியவர்கள் ஏழு பேர். சோடி பிரித்தால் ஒருவர் தனியாக நிற்க வேண்டும். ஒருநாள் தனியாக நின்றது லோஷினி. ஹுஸைன் கதவுப் பக்கம் திரும்பினான். "வீரண்ணே, சும்மாதானே நிக்கிறீங்க. காலக் கழுவிட்டு வாங்க."

"நானா?"

லோஷினி அவரைப் பார்க்காமல் மெத்தையின் நடுவில் போய் நின்றாள். அவர் காலைக் கழுவினார். பிறகு கையையும் முகத்தையும் கழுவினார். மெத்தையில் காலை வைத்தபோது பொதுபொதுவென்று அமுங்கியது. மகள் அவருடைய சட்டையைப் பிடித்து, காலை இடறி, மல்லாக்கச் சாய்த்து, நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தாள். இவ்வளவு கனக்கிறாளா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது தூக்கியதற்குப் பிறகு அவளுடைய பாரத்தை அவர் அறியவே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் விரித்துவைத்திருந்தார்.

"என்னையப் புடிங்கப்பா" என்றாள் லோஷினி எரிச்சலாக. "புடிக்காம எப்புடி விளையாடுறது?"

அவர் பிடித்தார். அவள் கழுத்தைச் சுற்றிக் கைபோட்டு அமுக்கினாள். கோபத்தோடுதான் அமுக்கினாள், அது அவருக்கும் தெரிந்தது. கண் இருட்டும்வரை பொறுத்துக்கொண்டு கிடந்தார்.

"தட்டுங்கப்பா! தட்டணும்!" என்று அவளே கத்தினாள். "வலிச்சா சொல்லணும்!"

அவர் தட்டினார். உடனே பிடி தளர்ந்தது. இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, கூரையைப் பார்த்தபடி, "அன்னைக்கு ஏம்ப்பா ஒடனே சரின்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"பழகிப்போச்சு புள்ள" என்றார். அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது. அது அவளுக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அடுத்த வருசம் கொழும்பில் நடந்த போட்டியில் லோஷினி முதல் சுற்றிலேயே தோற்றாள். வீரையாதான் கலங்கிப்போனார். அவள், ஜெயித்த பிள்ளையோடு சேர்ந்து, அந்தப் பிள்ளையின் அம்மா கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் எல்லாம் மாறிவிடவில்லை. வயிற்றுவலி சில காலைகளில் இன்னும் வந்தது. வந்தால் ஐந்து நிமிசம் தரையில் மல்லாக்கப் படுத்து மூச்சை எண்ணிவிட்டு, எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போவாள்.

அந்த வருசக் கடைசியில் டயர்க் கடைக்காரர் மாடியைத் திருப்பிக் கேட்டார். ஹுஸைன் ஊரெல்லாம் இடம் தேடினான். கிடைக்கவில்லை. மஹய்யாவயில் தொழிலாளர் சங்கத்து மண்டபம் சும்மா கிடக்கிறது என்று வீரையா சொன்னார். சொல்லிவிட்டுப் பயந்தார். மிஞ்சியிருக்கும் பிள்ளைகளை அவர்களுடைய வீடுகளில் மஹய்யாவவுக்கு அனுப்புவார்களா? ஹுஸைன் யோசித்துவிட்டு, "கேட்டுப் பார்ப்போமே" என்றான்.

மெத்தைகளை லொறிக்கார நண்பர் ஒருவர் ஏற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். வீரையா மண்டபத்தைக் கழுவிவிட்டார். முதல் சனிக்கிழமை பின்னேரம் மழை தூறிக்கொண்டிருந்தது. பழைய பிள்ளைகளில் இரண்டு பேர்தான் வந்தார்கள். ஒரு பிள்ளையின் தாய் உள்ளே வந்து உட்கார்ந்தாள். மற்றப் பிள்ளையை இறக்கிவிட்டுத் த்ரீவீல் திரும்பிவிட்டது. மஹய்யாவயின் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் இருபது பேர் ஜன்னலில் தொங்கிக்கொண்டு நின்றார்கள். லோஷினி அவர்களை ஒவ்வொருவராக இறக்கி, காலைக் கழுவவைத்து வரிசையில் நிறுத்தினாள். வராதவர்களுக்கு ஹுஸைன் ஒருமுறை போன் போட்டுப் பார்த்தான். பிறகு போனைப் பையில் வைத்துவிட்டு, சோடி பிரிக்க ஆரம்பித்தான்.